ஸ்திரீ வேஷத்தில் ஒரு ராஜபார்ட்

பம்பாயில், மாதுங்காவில் நான் குடியிருந்த கட்டிடத்தின் மேல் மாடியில் ஒரு மராட்டியப் பெரியவர் இருந்தார். ரயில்வேயில் குமாஸ்தா வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கட்டிடம் முழுவதும் அவரைக் ‘காகா’ என்றுதான் கூப்பிடும். அவர்கள் பாஷையில் சித்தப்பா என்று பொருள். ஊரிலிருந்து புதிதாக வருகிற நம்மவர்கள் அந்தப் பெயரைக் கேட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். நானும் சிரித்தவன்தான்.

1964-ம் வருஷம். தபால்காரர் மாற்றிப் போட்டுவிட்ட கடிதம் ஒன்றைக் கொடுப்பதற்காக ஒரு நாள் மேலே போனேன். கூடத்துச் சுவரில் பெரிய படம் ஒன்று மாட்டியிருந்தது. பதினெட்டு முழப் புடவை, கொண்டையைச் சுற்றிப் பூ, மூக்கில் முத்து வைத்த நத்து, உதட்டில் பாதிச் சிரிப்பு. யாரோ நல்ல குடும்பத்துப் பெண்மணி, கல்யாணமான புதிதில் எடுத்த படம் என்று தோன்றிற்று. மரியாதைக்காக, “உங்கள் தாயாரா?” என்று கேட்டு வைத்தேன்.

காகா என்னைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு சமையலறைப் பக்கம் திரும்பி, “மதராஸிப் பையன் கேட்கிறதைக் கேட்டாயா?” என்று மனைவியிடம் சொல்லிவிட்டு, “இவர் ஆண்பிள்ளை, தம்பி. நாராயணராவ். புனாவில் உயிரோடு இருக்கிறார். இந்த வருஷம்தான் சர்க்கார் பத்மபூஷண் கொடுத்தது” என்றார்.

நாராயண் ஸ்ரீபாத் ராஜஹம்ஸ். உலகம் அறிந்த பெயர் பால கந்தர்வர். சின்னப் பையனாக இருந்தபோது அவர் பாடக் கேட்டுத் திலகர் வைத்த பெயர் அது. எழுபது வயதைத் தாண்டிய பிறகும் அந்தப் ‘பால’ அவரை விட்டுப் போகவில்லை.

நான் அவரை மேடையில் பார்த்ததில்லை. பார்த்திருக்க முடியாது. அவருடைய நல்ல காலம் நான் பிறப்பதற்கு முன்பே முடிந்துவிட்டது. நாவலாசிரியன் பாடு ஒரு விதத்தில் சௌகரியம். எழுதினது அச்சில் இருக்கும், பிடிக்காதவர்கள் நூறு வருஷம் கழித்தும் எடுத்து வைத்துக்கொண்டு திட்டலாம். நடிகனுடைய கலை திரை விழுந்ததும் போய்விடுகிறது. மிஞ்சுவது சில இசைத்தட்டுகள், சில படங்கள், பார்த்தவர்களின் வாய்ச்சொல். ஆகவே, நான் சொல்லப் போகும் அபிப்பிராயங்களில் பாதி கிராமபோனிலிருந்து வந்தவை, பாதி காகாவிடமிருந்து. அவர் சொன்ன எல்லாவற்றையும் நான் ஒப்புக்கொண்டுவிடவில்லை.

நம் பக்கத்து நாடகக் கம்பெனிகளில் ராஜபார்ட் வேறு, ஸ்திரீபார்ட் வேறு. ராஜபார்ட்டுக்குத்தான் மவுசு, சம்பளம், மாலை எல்லாம். மராட்டியச் சங்கீத நாடகத்தில் இந்தக் கணக்கு சரிப்படாது. அங்கே கம்பெனியைத் தாங்கியவன் ஸ்திரீ வேஷக்காரன்தான். அண்ணாசாஹேப் கிர்லோஸ்கர் 1880-ல் ‘சாகுந்தலம்’ போட்டு அந்த நாடக மரபை ஆரம்பித்தார். இன்றையக் கர்நாடகப் பிரதேசத்து மனிதர். இரண்டு வருஷத்தில் ‘சௌபத்ர’ வந்தது. அவருக்குப் பின் அந்தக் கம்பெனிக்குப் பெயர் வாங்கித் தந்தவர் பாவுராவ் கோல்ஹட்கர். அவர் 1901-ல் காலமானதும் கம்பெனி தள்ளாட ஆரம்பித்தது. கொட்டகைக்கு ஜனங்கள் வருவது கதையைக் கேட்க அல்லவே! சகுந்தலை கதை யாருக்குத் தெரியாது? குரலைக் கேட்க வந்தார்கள். குரல் போனதும் அவர்களும் போய்விட்டார்கள்.

அந்த இடத்துக்குத்தான் 1905-ல் பதினேழு வயது நாராயணன் வந்து சேர்ந்தான். கோலாப்பூர் மகாராஜா சாகுவின் ஆதரவு இருந்தது. சாதாரணக் குடும்பம், பையனை நாடகக் கம்பெனிக்கு அனுப்புவது அந்தக் காலத்தில் அங்கேயும் கௌரவக் குறைவுதான். பாஸ்கர்புவா பக்லேயிடம் சங்கீதம் கற்றுக்கொண்டான். பக்லே ஹிந்துஸ்தானி சங்கீதத்தின் பெரிய வித்வான்களில் ஒருவர். அவரைப் போன்றவர் ஒரு நாடகக்காரப் பையனுக்குச் சொல்லிக்கொடுத்தார் என்பதைச் சாமானியமாக நினைக்கக் கூடாது. நம் ஊரில் கச்சேரி வித்வான்கள் நாடக சங்கீதத்தைப் பற்றிப் பேசும்போது மூக்கைச் சுளிப்பதை நானே பார்த்திருக்கிறேன். மராட்டியத்தில் அந்தச் சுவர் அவ்வளவு உயரமாக இருக்கவில்லை. வித்வானே மெட்டுப் போட்டுத் தருவார். தபலாவுக்கு உஸ்தாத் அகமது ஜான் திரக்வா வந்து உட்காருவார். விளைவு, மூன்றாம் வகுப்பு டிக்கெட் வாங்கிய மில் தொழிலாளிக்கும் பீஹாக் என்றால் என்ன, யமன் என்றால் என்ன என்று காது அடையாளம் சொல்லும்.

இந்த விஷயத்தில் நாம் கொஞ்சம் வெட்கப்பட வேண்டும் என்று தோன்றுகிறது. தஞ்சாவூரில் ஆண்ட மராட்டிய ராஜாக்கள் பதினேழாம் நூற்றாண்டின் கடைசியிலேயே மராட்டியில் நாடகம் எழுதி வைத்தவர்கள். சுவடிகள் சரஸ்வதி மகாலில் இருக்கின்றன. விதை நம் ஊரிலும் கிடந்தது. போகட்டும், விஷயத்துக்கு வருகிறேன்.

காகா எனக்கு முதலில் போட்டுக் காட்டிய தட்டு ‘ஸ்வயம்வர்’ நாடகத்தில் ருக்மிணி பாடும் யமன் ராகப் பாட்டு. யமன் நம்முடைய கல்யாணிக்கு நெருங்கிய உறவு. கேட்டு முடித்ததும் எனக்கு ஏமாற்றமாக இருந்தது என்பதை மறைப்பானேன்? பெண் குரலை எதிர்பார்த்தேன். வந்தது ஆண் குரல். சந்தேகத்துக்கு இடமில்லாமல் ஆண் குரல். கீச்சென்று கள்ளக் குரலும் இல்லை, பெண்ணைப் போலக் குழைவதும் இல்லை. இதை வைத்துக்கொண்டா மூன்று தலைமுறை மனிதர்கள் மயங்கிக் கிடந்தார்கள் என்று நினைத்தேன்.

“இன்னொரு தரம் கேள்” என்றார் காகா. கேட்டேன். அவர் என்னை விடுவதாக இல்லை. நாலைந்து ஞாயிற்றுக்கிழமைகள் கழித்துத்தான் விஷயம் புரிய ஆரம்பித்தது. அவர் பெண்ணின் குரலைப் பாடவில்லை. பெண்ணின் மனசைப் பாடினார். வார்த்தையை அவர் எடுத்து வைக்கும் அழகைக் கவனிக்க வேண்டும். ராகத்துக்காக ஒரு சொல்லைக் கூட நசுக்குவதில்லை. தானங்கள் சின்னச் சின்னதாக, சுத்தமாக, வாக்கியத்தின் அர்த்தம் எங்கே மூச்சு விடச் சொல்கிறதோ அங்கேதான் வரும். தாளத்தை விட்டு விலகுவதாகத் தோன்றும். பதறிக்கொண்டு கேட்டுக்கொண்டிருக்கும்போது, ஒன்றுமே நடக்காதது போல் ஸமத்தில் வந்து உட்காருவார். ருக்மிணி கிருஷ்ணனைக் கண்டு வெட்கப்படுவது அந்தத் தாமதத்தில் இருக்கிறது. மேடையில் அந்த இடத்தில் அவர் முந்தானையை என்ன செய்தார் என்று காகா எழுந்து நின்று நடித்துக் காட்டினார். அறுபது வயதுக் கிழவர், வழுக்கைத் தலை, பனியன். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பிற்காலத்தில் குமார் கந்தர்வர், ‘எனக்குப் புரிந்த பால கந்தர்வர்’ என்று அர்த்தம் வரும் தலைப்பில் இவருடைய பாட்டுகளை மட்டும் எடுத்துக்கொண்டு கச்சேரியே செய்தார். மரபோடு எப்போதும் சண்டை போட்டுக்கொண்டிருந்த அந்த மேதை ஒரு நாடகக்காரரைப் புரிந்துகொள்ள அவ்வளவு பாடுபட்டார் என்றால், என்னுடைய நாலைந்து ஞாயிற்றுக்கிழமைகள் எம்மாத்திரம்!

இவர் ஏற்ற வேஷங்களை ஒன்றன்பின் ஒன்றாக வைத்துப் பார்த்தால் மராட்டிய நாடகத்தின் முப்பது வருஷச் சரித்திரமே வந்துவிடும். சகுந்தலை, சுபத்திரை இரண்டும் முன்னவர்களிடமிருந்து வந்த சொத்து. 1911-ல் காடில்கர் எழுதிய ‘மானாபமான்’ நாடகத்தில் பாமினி, இவருக்காகவே தைத்த சட்டை. காடில்கர் திலகருடைய ‘கேசரி’ பத்திரிகையைச் சேர்ந்தவர். அவருடைய ‘கீசக வதம்’ நாடகத்தைக் கீசகன் கர்ஸன் பிரபுவைப் போல் இருக்கிறான் என்று வெள்ளைக்கார சர்க்கார் 1910-ல் தடை செய்தது. அடுத்த வருஷமே அவர் காதல் நாடகம் எழுத உட்கார்ந்தார் என்றால் அதற்குப் போலீசும் ஒரு காரணமாக இருக்கலாம். பணக்கார வீட்டுப் பெண் பாமினி, ஏழை என்பதற்காகத் தைரியதரன் என்ற சேனாபதியை வேண்டாம் என்று அவமானப்படுத்துகிறாள். பிறகு வேஷம் மாறி அவன் பாசறைக்கே போய், அவன் மனசைத் தெரிந்துகொண்டு வெட்கப்படுகிறாள். கதை அவ்வளவுதான். கோவிந்தராவ் டெம்பேயின் மெட்டுகள் அதைத் தூக்கி நிறுத்தின.

அந்த நாடகம் பம்பாயில் அரங்கேறிய தினத்தன்று அவருடைய பெண் குழந்தை இறந்துபோயிற்று. டிக்கெட் விற்றாகிவிட்டது. நிறுத்திவிடலாம் என்று கம்பெனியார் சொன்னார்களாம். அவர் வேஷம் போட்டுக்கொண்டு மேடைக்குப் போனார். அன்று இரவு பாமினி சிரித்தாள், கோபித்தாள், காதலித்தாள்.

மராட்டியர் எவரிடம் பேசினாலும் இந்தக் கதையைக் கண்ணில் நீர் மல்கச் சொல்லுவார்கள். நானும் முதல் தடவை கேட்டபோது மனம் நெகிழ்ந்துதான் போனேன். ஆனால் வீட்டுக்கு வந்து படுத்த பிறகு தூக்கம் வரவில்லை. அன்றைக்கு அந்தக் குழந்தையின் தாய் எங்கே இருந்தாள்? எந்தக் கதையிலும் அவள் வருவதில்லை. ஊரெல்லாம் பெண்களின் துக்கத்தை அப்படியே காட்டுகிறார் என்று புகழ்ந்த மனிதருக்குத் தம் வீட்டுக்குள் இருந்த துக்கத்தோடு ஒரு நாள் உட்கார்ந்திருக்க முடியவில்லையே! அடுத்த நாள் காகாவிடம் இதைச் சொன்னேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. “ரசிகர்கள் காத்திருந்தார்கள்” என்றார். “குழந்தையும்தான் காத்திருந்திருக்கும்” என்றேன். ஒரு வாரம் எங்களுக்குள் பேச்சு இல்லை.

இப்போது யோசித்தால், இரண்டு பேரும் பாதி சரி என்று படுகிறது. ‘ரசிகர்களே என் எஜமானர்கள்’ என்ற எண்ணம் அவருக்குப் பாஷாங்கு அல்ல, நிஜமாகவே அப்படி நம்பினார். அவருடைய மேன்மையும் அதிலிருந்து வந்தது, நாசமும் அதிலிருந்துதான் வந்தது. ‘ஒன்ஸ்மோர்’ என்று யார் கூவினாலும் பாடினார். ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பப் பாடினார். ராத்திரி ஆரம்பித்த நாடகம் கோழி கூவும்போது முடியும். ருக்மிணி வெட்கப்பட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டாள் என்றால் கதை நகர வேண்டாமா? திரும்பி வந்து அதே வெட்கத்தை மூன்றாவது தடவையாகப் படுவாள். இதை நாடகம் என்று சொல்ல என் மனம் ஒப்பவில்லை. கச்சேரிக்குப் புடவை கட்டிவிட்ட மாதிரிதான். காடில்கர், கட்கரி போன்றவர்கள் எழுதிய வசனங்கள் இந்தப் பாட்டு வெள்ளத்தில் எத்தனையோ முழுகிப் போயிருக்கின்றன. எழுதுகிறவன் என்ற முறையில் எனக்கு அதில் ஆத்திரம் உண்டு.

1913-ல் கணபதிராவ் போடஸ், டெம்பே இவர்களோடு வெளியே வந்து கந்தர்வ நாடக மண்டலியை ஆரம்பித்தார்கள். பிறகு டாம்பீகம் கேட்க வேண்டாம். மேடையில் நிஜமான பட்டு, நிஜமான ஜரிகை. அத்தர் வாசனை கொட்டகையின் கடைசி வரிசை வரைக்கும் வந்தது என்று காகா சத்தியம் செய்வார். 1920-ல் ‘திரௌபதி’ நாடகத்தில் மயசபைக்காகப் பணத்தை வாரி இறைத்தார்கள். வரவு எவ்வளவு, கடன் எவ்வளவு என்று நாராயணராவுக்குக் கடைசி வரை தெரியாது. தெரிந்துகொள்ளவும் விரும்பவில்லை. கணக்குப் பிள்ளைக்கு ராஜாவாகப் பிறந்தவர்கள் என்று நம் ஊரில் ஜமீன்தார்களைச் சொல்லுவார்களே, அந்த ரகம்.

இதெல்லாம் ஒரு பக்கம் இருக்க, வேறு ஒரு விசித்திரம் நடந்தது. அவர் புடவை கட்டும் மாதிரியில் பூனா, பம்பாய்ப் பெண்கள் புடவை கட்ட ஆரம்பித்தார்கள். அவர் கொண்டையில் பூ வைத்துக்கொண்ட மாதிரியில் பூ வைத்துக்கொண்டார்கள். பெண்ணைப் பார்த்து ஆண் நடிக்க, அந்த ஆணைப் பார்த்துப் பெண் பெண்ணாக இருக்கக் கற்றுக்கொண்டாள்! நல்ல குடும்பத்துப் பெண் மேடை ஏறக் கூடாது என்று தடுத்து வைத்திருந்த அதே சமூகம், மேடையில் ஓர் ஆண் காட்டிய பெண்ணைப் பார்த்து, ‘இப்படி இரு’ என்று வீட்டுப் பெண்ணுக்குச் சொல்லிற்று. இதில் சிரிப்பதற்கு விஷயம் இருக்கிறது. சிரித்து முடித்த பிறகு யோசிப்பதற்கும் இருக்கிறது.

1921-ம் வருஷம் ஜூலை 8-ம் தேதி பம்பாயில் நடந்த ‘மானாபமான்’ நாடகத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் விட்டால் காகாவின் ஆவி என்னை மன்னிக்காது. திலகர் ஸ்வராஜ்ய நிதிக்காக இரண்டு போட்டிக் கம்பெனிகள் சேர்ந்து நடத்தியது. பாமினி பால கந்தர்வர். தைரியதரன் லலித கலாதர்ஷ் கம்பெனியின் கேசவராவ் போஸ்லே. போஸ்லேயின் குரல் எடுத்த எடுப்பில் உச்சியில் நின்று சக்கரம் சுழற்றும் குரல். இவருடையது வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி. ரசிகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து வந்து உட்கார்ந்தார்கள். யார் ஜெயித்தது என்பதில் இன்னும் வழக்கு முடியவில்லை. கேசவராவ் அதே வருஷம் அக்டோபரில் காலமாகிவிட்டார். முப்பத்தொரு வயது. அவர் இருந்திருந்தால் நாராயணராவுக்குப் போட்டியாளர் ஒருவர் இருந்திருப்பார். போட்டி இருந்தால் மனிதன் தன்னைத் திருத்திக்கொள்வான். சபாஷ் சொல்லுகிறவர்கள் மட்டுமே சுற்றிலும் இருப்பது எந்தக் கலைஞனுக்கும் நல்லதல்ல.

இவ்வளவும் சொன்ன பிறகு, அவருடைய வேஷங்களில் எது உயர்ந்தது என்று கேட்டால், நான் ருக்மிணியைச் சொல்ல மாட்டேன். பாமினியையும் சொல்ல மாட்டேன். ‘ஏகச் ப்யாலா’வின் ஸிந்துவைத்தான் சொல்லுவேன்.

ராம் கணேஷ் கட்கரி எழுதிய நாடகம். தலைப்புக்கு ‘ஒரே ஒரு கோப்பை’ என்று அர்த்தம். சுதாகரன் கெட்டிக்கார வக்கீல். கோர்ட்டில் ஏற்பட்ட ஓர் அவமானத்தை மறப்பதற்காக ஒரே ஒரு கோப்பை குடிக்கிறான். பிறகு நடப்பது தெரிந்ததுதான். வீடு போகிறது, பண்டம் போகிறது. மனைவி ஸிந்து பிறந்த வீட்டு உதவியை மறுத்துவிட்டுக் கூலி வேலை செய்து குழந்தையைக் காப்பாற்றுகிறாள். குடிவெறியில் அவன் அடித்து குழந்தை செத்துப்போகிறது. அவளும் சாகிறாள், சாகும்போது, அவன் மேல் குற்றம் வரக் கூடாது என்று போலீசிடம் பொய் சொல்லிவிட்டுச் சாகிறாள். கட்கரி தம் நாடகத்தை மேடையில் பார்க்கவில்லை. 1919 ஜனவரியில் அவர் காலமானார். நாடகம் அதற்குப் பிறகு அதே வருஷம் அரங்கேறியது. பாட்டுகளில் பெரும்பாலானவற்றைக் குர்ஜர் எழுதினார்.

இந்த வேஷத்தில் அத்தரும் இல்லை, ஜரிகையும் இல்லை. ஒட்டுப் போட்ட புடவை. அவருடைய பலம் என்று நாம் நினைத்ததையெல்லாம் பிடுங்கிக்கொண்டு அவரை மேடையில் நிறுத்திவிட்டார் கட்கரி. மிச்சம் இருந்தது பாட்டு மட்டும். அதுவும் ஆபத்தான மிச்சம். பட்டினி கிடக்கிற பெண் ராகம் பாடுவாளா? எனக்கு இந்தச் சந்தேகம் வெகு நாள் இருந்தது. வசன நாடகமாக எழுதியிருந்தால் இப்ஸனுக்குப் பக்கத்தில் வைத்திருக்கலாமே, பாட்டு வந்து கெடுத்துவிட்டதே என்று ஒரு நாள் காகாவிடம் பெரிய விமரிசகன் தோரணையில் சொன்னேன்.

அவர் உடனே பதில் சொல்லவில்லை. கிராமபோன் பெட்டியை மூடினார். பிறகு சொன்னார்: “எனக்குப் பதினாலு வயது. அம்மாவோடு போயிருந்தேன். அப்பா வரவில்லை. அவர் எங்கே போயிருப்பார் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.”

காகாவின் தகப்பனார் பள்ளிக்கூட வாத்தியார். நல்ல மனிதர், நன்றாகப் படித்தவர், குடிகாரர். நாடகம் முடிந்து விடியற்காலையில் நடந்து வரும்போது தாயார் வழியெல்லாம் ஒன்றும் பேசவில்லையாம். வீட்டு வாசலில் சொன்னாளாம்: “அந்த மனுஷன் நடுநடுவே பாடினார், அதனால் உட்கார்ந்திருந்தேன். வெறுமே பேசிக்கொண்டே இருந்தால் பாதியில் எழுந்து வந்திருப்பேன்.”

நான் இப்ஸனைத் திரும்ப எடுக்கவில்லை. அந்த அம்மாள் சொன்னதுதான் சங்கீத நாடகத்தைப் பற்றி நான் கேட்ட விமரிசனங்களில் உயர்ந்தது. தாங்க முடியாததைத் தாங்கும்படி செய்ய ஒரு பிடிமானம் வேண்டியிருக்கிறது. பால கந்தர்வர் ஸிந்துவின் பாட்டைச் சோகமாக இழுக்கவில்லை என்பதை இசைத்தட்டிலேயே கேட்கலாம். நிதானமாக, வீட்டு வேலை செய்துகொண்டே பாடுகிற பெண்ணைப் போலப் பாடுகிறார். பிருகாக்கள் குறைந்துவிட்டன. அழுகை வர வேண்டிய இடத்தில் அழாமல் இருக்கிறார். ஒன்ஸ்மோர் கேட்டால் அங்கேயும் பாடியிருப்பார், சந்தேகமில்லை. ஆனாலும் அந்த ஒரு வேஷத்தில் மட்டும் எஜமானர்களை அவர் கொஞ்சம் மறந்திருக்கிறார்.

காகா அதோடு நிறுத்தவில்லை. “அன்றையிலிருந்து அம்மா ஸிந்து ஆகிவிட்டாள்” என்றார். அதற்கு முன் தகப்பனாரோடு சண்டை போடுவாளாம். பிறந்த வீட்டுக்குப் போய்விடுவேன் என்று மிரட்டுவாளாம். நாடகம் பார்த்த பிறகு மிரட்டுவதை நிறுத்திவிட்டாள். பொறுத்துக்கொண்டாள். பொறுத்துக்கொண்டே செத்துப்போனாள். “பத்து வருஷம் நான் நாராயணராவ் நாடகத்துக்கே போகவில்லை. அந்த மனுஷன் அவ்வளவு நன்றாக நடிக்காமல் இருந்திருந்தால் என் தாயார் பிழைத்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.”

“பிறகு ஏன் படத்தை மாட்டி வைத்திருக்கிறீர்கள்?”

அதற்கு அவர் பதில் சொல்லவில்லை. நானும் மறுபடி கேட்கவில்லை.

பிற்காலத்துக் கதையைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். 1929-ல் ஹீராபாய் பரோடேகர் மேடைக்கு வந்தார். 1931-ல் சினிமா பேச ஆரம்பித்தது. 1933-ல் ‘அந்தள்யாஞ்சி சாளா’ என்ற நாடகத்தில் ஜ்யோத்ஸ்னா போளே போன்ற பெண்களே பெண்களாக நடித்தார்கள். பாட்டு சில, வசனம் வீட்டில் பேசுகிற மாதிரி. நாடகம் பார்ப்பவர்களின் கண் மாறிவிட்டது. அப்போது நாராயணராவுக்கு நாற்பத்தைந்து வயது, உடம்பு பருத்துவிட்டது. ‘கான்ஹோபாத்ரா’விலும் மீராபாயாகவும் அவர் இன்னும் கதாநாயகிதான். 1935-ல் சாந்தாராம் எடுத்த ‘தர்மாத்மா’வில் ஏகநாதராக, ஆண் வேஷத்தில், திரையில் வந்தார். பிரபாத் கம்பெனியோடு அந்த உறவு நீடிக்கவில்லை. 1937-ல் ‘ஸாத்வி மீராபாய்’ படத்தில் மறுபடியும் புடவை. பத்து வருஷ விரதத்தை முடித்துவிட்டிருந்த காகா அதைப் பார்க்கப் போய்ப் பாதியில் எழுந்து வந்தவர். “காமிராவுக்கு மரியாதை தெரியாது, தம்பி. முகத்துக்கு அருகில் வந்து நிற்கிறது” என்றார். கொட்டகையில் மேடைக்கும் பெஞ்சுக்கும் நடுவே இருந்த தூரம்தான் அந்தப் பெண்ணைப் படைத்தது. பாதி அவர் செய்தது, பாதி நாம் செய்தது. காமிரா நம் பங்கைப் பிடுங்கிக்கொண்டுவிட்டது.

1938-ல் கோஹர்பாய் கர்நாடகி கம்பெனியில் சேர்ந்தார். கதாநாயகி வேஷங்கள் அவர் பங்குக்குப் போயின. இதைக் குறித்துப் பழைய ரசிகர்கள் பேசியதையெல்லாம் இங்கே எழுத நான் விரும்பவில்லை. ஐம்பது வயது ஆணைப் பெண்ணாக ஒப்புக்கொண்டவர்களுக்கு ஒரு பெண்ணைப் பெண்ணாக ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை என்பதை மட்டும் குறித்து வைக்கிறேன். கடனும் வியாதியும் சேர்ந்துகொண்டன. 1955-ல் சங்கீத நாடக அகாடமி விருது. 1962-ல் புனாவில் அவர் பெயரிலேயே கட்டப்போகும் நாடக அரங்குக்கு அவரையே அழைத்து அஸ்திவாரக் கல் நாட்டச் சொன்னார்கள். அரங்கு திறந்தபோது, 1968-ல், அவர் இல்லை.

1967 ஜூலை 15-ம் தேதி அவர் காலமானார். எனக்குச் செய்தி தெரிந்ததும் மேலே போனேன். மழை கொட்டிக்கொண்டிருந்தது. காகா கிராமபோன் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு தட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். கையிலிருந்த ஒன்றை வெகு நேரம் பார்த்தார். ஸிந்து பாடிய தட்டு என்று உறையைப் பார்த்து எனக்குத் தெரிந்தது. அதைப் பெட்டியில் வைக்கப் போனபோது, அவர் மனைவி சமையலறை வாசலுக்கு வந்தாள். ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே, “அது வேண்டாம். ருக்மிணியைப் போடுங்கள்” என்றாள்.

அவர் தட்டை மாற்றினார்.